இரண்டாவது தடவை வாங்க வருபவர்

(இளைஞர்களும் வணிகப் பெருமக்களும் கலந்து கொண்ட கூட்டமொன்றில் ஆற்றிய உரை, வாசகர்களுக்காக எழுத்து வடிவில்.)

  

நம் ஊர்களில் வியாபார யோசனைக்கு ஒரு நாளும் பஞ்சம் வந்ததில்லை. இஷா தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் திண்ணையில் கால் மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். ஒருவர் பேரீச்சம்பழத்தை மொத்தமாக இறக்கலாம் என்பார். இன்னொருவர் புர்கா தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பலாம் என்பார். மூன்றாமவர், தான் ரியாதில் பார்த்த கடையை அப்படியே தூக்கிக் கொண்டு வந்து நம் ஊர்ப் பேருந்து நிலையத்துக்கு எதிரில் வைத்தால் கூட்டம் அலைமோதும் என்று சத்தியமே செய்வார். மறுநாள் இஷாவுக்கும் அதே பேச்சு. அடுத்த ரமலானுக்கும் அதே பேச்சு!

பேசிக் கொண்டே இருப்பவர்களால் யாருக்கும் நஷ்டமில்லை. டீக்கடைக்காரருக்கு லாபம்கூட உண்டு. எனக்குக் கவலை தருபவர்கள் இன்னொரு சாரார். பத்து, பன்னிரண்டு வருடம் பாலைவனத்தில் உழைத்துச் சேர்த்த பணத்துடன் சபுரை முடித்துக் கொண்டு ஊர் வருகின்றார்கள். இனி மனைவி மக்களோடு இருக்க வேண்டும் என்ற நியாயமான ஆசை. வந்த இரண்டாவது மாதமே கடைத்தெருவில் ஓர் இடம் பிடிக்கின்றார்கள். அதற்கு அட்வான்ஸ். பிறகு கண்ணாடி வேலை, விளக்கு வேலை, குளிர்சாதனம், பெயர்ப் பலகை. பணம் போதாமல் போகும்போது வீட்டில் இருக்கும் நகை அடகுக்குப் போகின்றது. ஆலிம்சாவை அழைத்து துஆ ஓதி, எல்லோருக்கும் சமோசாவும் ரோஸ்மில்க்கும் கொடுத்துத் திறப்பு விழா. ஆறு மாதம் கழித்துப் போனால் அதே கண்ணாடியில் 'கடை வாடகைக்கு விடப்படும்' என்று ஒரு காகிதம். அந்தச் சகோதரர் மறுபடியும் விசாவுக்கு ஏஜெண்டைத் தேடிக் கொண்டிருப்பார்.

இதை விதி என்று சொல்லி ஒதுக்கிவிட முடியுமா? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தானே தவக்குல் வைக்கச் சொல்லியிருக்கின்றது நம் மார்க்கம்! அவர் எங்கே கட்டத் தவறினார் என்பதைத்தான் இன்று பேசப் போகின்றோம்.

யோசனை யாருடையது? வியாபாரம் யாருடையது?

நம் தமிழ்நாட்டிலேயே ஓர் உதாரணம் இருக்கின்றது. கடலூரைச் சேர்ந்த சின்னி கிருஷ்ணன் என்பவர், கூலி வேலை செய்பவரும் ரிக்‌ஷா இழுப்பவரும் வாங்கும்படி பொருள்களைச் சின்னச் சின்னப் பொட்டலங்களில் அடைத்து விற்க வேண்டும் என்று நினைத்தவர். இன்றைக்கு நம் பெட்டிக்கடை வாசலில் தோரணமாகத் தொங்குகின்ற ஷாம்பு சாஷேக்களுக்கெல்லாம் முன்னோடி அந்த மனிதர். அருமையான யோசனை! ஆனால் அவர் ஒன்றைக் கண்டுபிடித்தவுடன் அடுத்ததற்குத் தாவிவிடுவார். சந்தைப்படுத்துவதில் அவர் மனம் நிற்கவில்லை. அவர் காலத்திற்குப் பிறகுதான் அவருடைய பிள்ளைகள் அதை வியாபாரமாக்கினார்கள்.

அந்தப் பிள்ளைகளில் ஒருவர் சி.கே. ரங்கநாதன். குடும்பத் தொழிலில் சகோதரர்களோடு கருத்து வேறுபாடு ஏற்பட்டு, 1983-இல் கையில் இருந்த 15,000 ரூபாயோடு தனியே வந்தார். தனக்குத் தெரிந்த தொழில் ஷாம்பு ஒன்றுதான் என்று அதையே எடுத்துக் கொண்டார். தந்தையின் பெயரிலிருந்தே 'சிக்' என்று பெயர் வைத்தார். அவரே பேட்டிகளில் சொல்லியிருக்கும் விவரங்களைக் கவனியுங்கள். வீடும் அலுவலகமுமாக ஓரிடம், மாத வாடகை 250 ரூபாய். தயாரிப்புக்கு ஓரிடம், வாடகை 300 ரூபாய். பொட்டலம் அடைக்கும் இயந்திரம் 3,000 ரூபாய். முதல் மாதம் விற்றது 20,000 சாஷே.

கண்ணாடி வேலை எங்கே? குளிர்சாதனம் எங்கே? ஒன்றுமில்லை!

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் இங்கே சொல்ல வந்தது. கிராமத்து மக்கள் தலைக்கு சோப்பும் சீயக்காயும் போட்டுக் கொண்டிருந்த காலம் அது. ஷாம்பு என்றால் என்ன, எப்படிப் போடுவது என்றே பலருக்குத் தெரியாது. ஊர் ஊராகப் போய், பையன் ஒருவனை உட்கார வைத்துத் தலையில் தேய்த்துக் காண்பித்தார்கள். தொட்டுப் பாருங்கள், முகர்ந்து பாருங்கள் என்றார்கள். எந்த ஷாம்புவின் காலி சாஷேயாக இருந்தாலும் சரி, ஐந்து கொண்டு வந்தால் ஒரு சிக் சாஷே இலவசம் என்று அறிவித்தார்கள். பிறகு அதையும் மாற்றி, காலியான சிக் சாஷே ஐந்து கொண்டு வந்தால்தான் இலவசம் என்றார்கள். மாதம் 35,000 ரூபாயாக இருந்த விற்பனை 12 லட்சத்திற்கு உயர்ந்ததாக அவர் சொல்கின்றார்.

இதில் உள்ள சூட்சுமத்தை யோசித்துப் பாருங்கள். முதல் அறிவிப்பு, மற்ற கம்பெனி ஷாம்புவை வாங்குபவர் கையில் தன் பொருளைக் கொண்டு போய்ச் சேர்க்கின்றது. இரண்டாவது அறிவிப்பு, தன் பொருளை ஐந்து தடவை வாங்கியவருக்கு மட்டுமே பரிசு கொடுக்கின்றது. ஒருமுறை வாங்கியவர் மறுபடி வருகின்றாரா என்பதிலேயே அந்த மனிதரின் கண் இருந்திருக்கின்றது. அந்தச் சின்னக் கம்பெனிதான் 1998-இல் கெவின்கேர் என்று பெயர் மாறியது.

கடை திறந்த அன்று வந்து வாங்குபவர் யார்? மச்சான் வாங்குவார். சாச்சா வாங்குவார். ஜமாஅத் தலைவர் மரியாதைக்கு ஒன்று வாங்குவார். அவர்களெல்லாம் உங்களுக்காக வாங்குகின்றார்கள், பொருளுக்காக வாங்கவில்லை. உங்களை யாரென்றே தெரியாத ஒருவர், உங்கள் பெயரைக்கூடக் கேட்காமல், சொந்தக் காசைக் கொடுத்து இரண்டாவது தடவை அதே பொருளைக் கேட்டு வருகின்றாரே, அவர்தான் உங்கள் முதல் வாடிக்கையாளர். அப்படி எத்தனை பேர் வருகின்றார்கள் என்று பார்ப்பதற்கு முன்னால் அட்வான்ஸ் கொடுத்துவிடாதீர்கள் என்றுதான் கெஞ்சிக் கேட்டுக் கொள்கின்றேன்.

சந்தைக்கு வழி கேட்டவர்

ஹிஜ்ரத் செய்து மதீனா வந்தபோது அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களிடம் என்ன இருந்தது? மக்காவில் இருந்த செல்வத்தையெல்லாம் விட்டுவிட்டு வந்தவர். அன்சாரித் தோழர் சஅத் பின் ரபீஉ (ரலி) அவர்கள் தம் சொத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார்கள். இவர்களோ அதற்காக துஆ செய்துவிட்டு, சந்தைக்கு வழி கேட்டார்கள். பனூ கைனுகா சந்தையைக் காட்டினார்கள். அன்று பாலாடைக் கட்டியும் நெய்யுமாக லாபம் சம்பாதித்துக் கொண்டு திரும்பினார்கள் என்று புகாரியில் பார்க்கின்றோம்.

இந்தச் சம்பவத்தை எத்தனையோ பயான்களில் கேட்டிருப்பீர்கள். சுயமரியாதைக்கு உதாரணமாகச் சொல்வோம், சரிதான். ஒரு வியாபாரியின் கண்ணோடும் பாருங்கள்! நெய்யும் பாலாடைக் கட்டியும் அன்றாடம் வீட்டுக்குத் தேவைப்படுவது. இன்று வாங்கி இன்றே விற்கலாம். விற்காவிட்டால் கஷ்டம் என்ன என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும். ஊருக்குப் புதியவர், அந்தச் சந்தையின் போக்கு தெரியாதவர், சின்னப் பொருளில் கை வைத்துச் சந்தையைப் படிக்கின்றார். பின்னாளில் பெரும் செல்வந்தர்களில் ஒருவராக ஆனது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

கைப்பக்குவம் கிராமுக்கு வர வேண்டும்

பொதுவாகப் பேசிக் கொண்டு போனால் புரியாது. ஒரு பொருளை எடுத்துக் கொள்வோம். ஓர் இளைஞர், அவருடைய உம்மா இடித்து வைக்கும் பிரியாணி மசாலாவுக்குத் தெருவே அடிமை. 'இதை பாக்கெட் போட்டு விற்றால் என்ன?' என்று யோசனை வருகின்றது. நல்ல யோசனைதான்.

முதல் சங்கடம் எங்கே தெரியுமா? உம்மாவின் கையில்! எவ்வளவு பட்டை என்று கேட்டால் 'ஒரு கைப்பிடி வாப்பா' என்பார். ஏலக்காய் எவ்வளவு? 'பார்த்துப் போடுறதுதான்!' வீட்டுச் சமையலுக்கு அது அழகு. விற்பனைக்கு ஆகாது. இந்த வாரம் வாங்கியவருக்குக் கிராம்பு தூக்கலாகவும் அடுத்த வாரம் சோம்பு தூக்கலாகவும் போனால், அவர் மூன்றாவது வாரம் வரமாட்டார். ஆகவே ஒரு தராசை வாங்கி உம்மாவின் பக்கத்தில் வையுங்கள். அவர் கைப்பிடியாகப் போடுவதை எல்லாம் நிறுத்து எழுதுங்கள். ஐந்து தடவை எழுதினால் ஐந்தும் ஐந்து விதமாக இருக்கும். அதில் எது சரி என்று உம்மாவையே சொல்லச் சொல்லுங்கள். எத்தனை நிமிடம் வறுப்பது, ஆறவைத்து அரைப்பதா சூட்டோடு அரைப்பதா என்பதையும் எழுதுங்கள். வேறொருவர் அந்தக் காகிதத்தைப் பார்த்துச் செய்து, உம்மாவுக்கே வித்தியாசம் தெரியாமல் போகின்ற நாளில்தான் உங்களிடம் ஒரு சரக்கு இருக்கின்றது என்று பொருள்.

தையல் ஆனாலும் அத்தர் ஆனாலும் மொபைல் பழுது பார்ப்பதானாலும் இதே கதைதான். தொழில் ஒருவருடைய விரலில் மட்டும் இருந்தால், அவருக்குக் காய்ச்சல் வந்தால் வியாபாரத்துக்கும் காய்ச்சல்.

ஒரு பாக்கெட்டின் கணக்கு

அடுத்தது கணக்கு. 'கணக்கெல்லாம் மனசிலேயே இருக்கு ஹஜ்ரத்' என்று சொல்லும் சகோதரர்களே, கொஞ்சம் காகிதத்தில் எழுதுங்கள். நான் சொல்லும் எண்கள் ஓர் எடுத்துக்காட்டுக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுக் கொள்ளுங்கள்.

50 கிராம் பாக்கெட் ஒன்றின் விலை 45 ரூபாய் என்று வைத்துக் கொள்வோம். கடைக்காரருக்கு 9 ரூபாய் கமிஷன். உங்கள் கைக்கு வருவது 36. இதில் சரக்குக்கு 22, அரவைக் கூலி ஒன்றரை, கவருக்கும் லேபிளுக்கும் 3, கடைகடையாகக் கொண்டு போடும் பெட்ரோலுக்கு 2, கிழிந்தது, கெட்டது, திரும்பி வந்தது என்று ஒன்றரை. ஆக 30 போய்விட்டது. மீதி 6 ரூபாய்.

பார்த்தீர்களா! 45 ரூபாய்ப் பொருளில் பாதி லாபம் என்று நினைத்துக் கொண்டிருந்தவருக்கு உண்மையில் நிற்பது 6 ரூபாய்.

வறுப்பதற்கும் அடைப்பதற்கும் ஓர் அறை, வாடகை 4,000. உதவிக்கு ஓர் ஆள், பகுதி நேரச் சம்பளம் 8,000. உங்கள் குடும்பச் செலவுக்கு, ரொம்பச் சிக்கனமாக, 15,000. மாதம் மொத்தம் 27,000. இதை 6 ஆல் வகுத்தால் 4,500 பாக்கெட். ஒரு மளிகைக் கடையில் வாரத்துக்குப் பத்து பாக்கெட், மாதத்துக்கு நாற்பது ஓடும் என்று தாராளமாக வைத்தாலும் உங்களுக்கு 113 கடை வேண்டும். வாரம் ஒருமுறை ஒவ்வொரு கடைக்கும் போக வேண்டுமென்றால், வெள்ளிக்கிழமை விடுமுறை போக, ஒரு நாளைக்குப் பத்தொன்பது கடை. போவீர்களா? போகின்ற நேரத்தில் வறுப்பது யார்? அரைப்பது யார்?

உங்களைப் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கணக்கைப் போட்டு முடித்த பிறகுதான் யோசனை வேறு ரூபம் எடுக்கும். பாக்கெட்டை விட்டுவிட்டு வேறு யார் இந்த மசாலாவை வாங்குவார்கள் என்று பார்க்கத் தோன்றும். பிரியாணிக் கடை இருக்கின்றது. கல்யாணத்துக்குச் சமைக்கும் பண்டாரி இருக்கின்றார். அவர்களுக்கு வண்ணக் கவர் வேண்டாம், கிலோக் கணக்கில் கேட்பார்கள். கிலோ 640 ரூபாய்க்குக் கொடுத்தால், சரக்கும் அரவையும் 470, பைக்கும் பெட்ரோலுக்கும் 20 போக 150 நிற்கும். நாளொன்றுக்கு அரைக் கிலோ செலவாகும் கடை 12 பிடித்தால் மாதம் 180 கிலோ. அதே 27,000 வந்துவிட்டது! 113 கடை எங்கே, 12 கடை எங்கே!

ஆனால் அவர்கள் விலையைப் பேரம் பேசுவார்கள். கடன் சொல்வார்கள். இரண்டு கடை கைவிட்டால் அந்த மாதம் தள்ளாடும். எது உங்களுக்கு ஒத்து வரும் என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். இந்தக் கேள்வி, கடையை வாடகைக்குப் பிடிப்பதற்கு முன்னால் ஒரு காகிதமும் பேனாவும் கேட்கச் செய்த கேள்வி என்பதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

சட்டத்தின் பக்கத்தையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகின்றேன். சாப்பிடும் பொருள் எதுவானாலும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்தாக வேண்டும். அந்த எண், எடை, தயாரித்த தேதி எல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு 2020 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கின்றது. அதற்குக் கட்டணம் எதுவும் கிடையாது. இரண்டாயிரம் கொடு, மூவாயிரம் கொடு என்று எவராவது கேட்டால் சிரித்துவிட்டு எழுந்து வாருங்கள்.

முதல் போடுபவரும் உழைப்பவரும்

பணத்துக்கு எங்கே போவது? நம்மில் பலர் வட்டிக்கு அஞ்சி ஒதுங்குகின்றோம். அல்ஹம்துலில்லாஹ். ஆனால் ஒதுங்கிவிட்டு மாற்று வழி இருப்பதையே மறந்துவிட்டோமே, அது என்ன நியாயம்?

ஒருவர் முதல் போடுவது, இன்னொருவர் உழைப்பது, வரும் லாபத்தை முன்பே பேசிய விகிதத்தில் பிரித்துக் கொள்வது. இதை முளாரபா என்கின்றோம். நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் சரக்கோடு சிரியா போய் வணிகம் செய்து வந்த செய்தி நம் வீட்டுக் குழந்தைகளுக்குக்கூடத் தெரியும். நம் தெருவில் அதை நடத்துபவர் எத்தனை பேர்?

இதன் நிபந்தனைகளைச் சரியாகப் புரிந்து கொள்ளுங்கள். லாபம் என்பது விகிதமாக இருக்க வேண்டும். பாதிக்குப் பாதியோ, அறுபதுக்கு நாற்பதோ, உங்கள் விருப்பம். 'லாபம் வந்தாலும் வராவிட்டாலும் மாதா மாதம் எனக்கு ஐயாயிரம் கொடுத்துவிடு' என்றால் அதற்கு முளாரபா என்று பெயர் கிடையாது. அது என்னவென்று உங்களுக்கே தெரியும்! நஷ்டம் வந்தால், உழைத்தவர் மோசடியோ அலட்சியமோ செய்யாதவரை, பண நஷ்டம் முதல் போட்டவருக்கு. உழைத்தவருக்கு அவருடைய உழைப்பு வீண்.

நஷ்டத்தில் தனக்குப் பங்கு உண்டு என்று தெரிந்தால்தான் முதல் போடும் ஹாஜியார் அந்த 4,500 பாக்கெட் கணக்கைக் கேட்பார். கேட்க வேண்டும். கேள்வி கேட்காமல் கொடுத்த பணம் என்ன ஆகும் என்பதற்கு பெங்களூரைப் பாருங்கள். ஹலால் முதலீடு என்று சொல்லி, மாதா மாதம் லாபம் தருவதாகப் பணம் திரட்டிய ஐ.எம்.ஏ. என்ற நிறுவனம் 2019 ஜூனில் மூடிக் கொண்டது. பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்கள் தெருவில் நின்றன. மகளின் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம், ஓய்வு பெற்றவருடைய பணம், விதவைகளின் பணம்! என்ன சரக்கு, எங்கே விற்கின்றீர்கள், எப்படி இவ்வளவு லாபம் என்று ஆரம்பத்திலேயே எத்தனை பேர் கேட்டார்கள்? தாடியையும் தொப்பியையும் பார்த்துப் பணத்தைக் கொடுப்பது தக்வாவில் சேராது, சகோதரர்களே.

எழுதிக் கொள்ளுங்கள் என்றும் சொல்கின்றேன். 'சொந்தக்காரனுக்குள்ளே எழுத்து எதற்கு?' என்று கேட்பவர்களுக்கு ஒரு தகவல். அல்குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? சூரா பகராவின் 282-வது வசனம். தொழுகையைப் பற்றியதா? நோன்பைப் பற்றியதா? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சி வைத்துக் கொள்வதைப் பற்றியது! மச்சானும் மச்சானும் பேசாமல் போன குடும்பங்களில் பாதியில் இந்த ஒரு காகிதம் இல்லாததுதான் காரணம் என்பேன்.

கல்லாவும் வீடும்

நடந்து கொண்டிருக்கும் வியாபாரம் சாவது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ஒன்று கடன், மற்றொன்று கல்லா.

நூறு ரூபாய்க்கு மூன்று ரூபாய் நிற்கின்ற சரக்கில் ஒருவர் ஆயிரம் ரூபாய் கடனைத் தராமல் போனால், அதை ஈடுகட்ட நீங்கள் இன்னும் முப்பத்து மூவாயிரம் ரூபாய்க்கு மேல் விற்க வேண்டும். இதைக் கடையில் எழுதி ஒட்டச் சொல்வேன். 'கடன் அன்பை முறிக்கும்' என்ற வாசகத்தை வாடிக்கையாளர் பார்ப்பதற்காக ஒட்டி வைத்திருக்கின்றீர்கள். இந்தக் கணக்கை உங்கள் நாற்காலிக்கு எதிரே, நீங்கள் பார்ப்பதற்காக ஒட்டுங்கள்.

கல்லாவைப் பற்றிச் சொன்னால் வீட்டுக்காரர்கள் கோபித்துக் கொள்வார்கள். மீன் வந்தால் கல்லாவிலிருந்து இருநூறு. பிள்ளை டியூஷனுக்குக் கல்லாவிலிருந்து ஐந்நூறு. மாமியார் வீட்டு விருந்துக்குக் கல்லாவிலிருந்து இரண்டாயிரம். மாதக் கடைசியில் 'வியாபாரம் நன்றாகத்தான் இருக்கின்றது, பணத்தைத்தான் காணோம்!' என்பார். பணம் மீனாகி மூன்று வாரம் ஆகிவிட்டதே! உங்களுக்கென்று ஒரு சம்பளம் வைத்து, மாதம் ஒருமுறை எடுத்துக் கொள்ளுங்கள். கல்லாவில் இருப்பது சரக்கு கொடுத்தவருக்கும் வாடகைக்கும் வேலையாளுக்கும் உரிய அமானிதம்.

ஜகாத்தை ஒழுங்காகக் கணக்கிட்டுக் கொடுக்கும் வியாபாரிகளை நான் கவனித்திருக்கின்றேன். வருடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து, இருப்புச் சரக்கை இன்றைய விலைக்குப் போட்டு, வர வேண்டியதைக் கூட்டி, கொடுக்க வேண்டியதைக் கழித்து, இரண்டரை சதவீதம் எவ்வளவு என்று பார்ப்பவருக்குத் தன் வியாபாரம் வளர்கின்றதா தேய்கின்றதா என்பது தெரிந்துவிடுகின்றது. குத்துமதிப்பாக ஐயாயிரத்தை எடுத்துக் கொடுப்பவருக்குக் கடமை நிறைவேறியதா என்பதும் தெரியாது, கடை நிற்குமா என்பதும் தெரியாது.

இந்த இடத்தில் மறுபடியும் அந்தக் கடலூர்க்காரரின் அனுபவம் ஒன்று நினைவுக்கு வருகின்றது. அடமானம் வைக்க ஒன்றுமில்லாததால் வங்கிகள் அவரை மூன்று வருடம் திருப்பி அனுப்பினவாம். கடைசியில் ஒரு வங்கி மேலாளர் அவருக்காகப் பரிந்துரைத்தபோது சொன்ன காரணம், இந்தச் சிறு நிறுவனம் வருமான வரி கட்டுகின்றது என்பது. வங்கிக் கடனுக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. 3,000 ரூபாய் இயந்திரத்தை வைத்துக் கொண்டிருந்த காலத்திலேயே அவர் கணக்கு எழுதியிருக்கின்றார் பாருங்கள், அதைச் சொல்கின்றேன். முதல் போடுகின்ற எந்த ஹாஜியாரும் அந்த நோட்டைத்தான் முதலில் கேட்பார்.

கேட்கப்பட்ட சில கேள்விகள்

கூட்டம் முடிந்ததும் சில சகோதரர்கள் கேட்டவற்றையும் இங்கே சேர்த்துவிடுகின்றேன்.

'யோசனையை வெளியே சொன்னால் யாராவது காப்பியடித்துவிட மாட்டார்களா?' என்றார் ஒரு தம்பி. தம்பி, பொட்டலத்தில் அடைத்து விற்கும் யோசனை எல்லோர் கண்ணெதிரிலும் தொங்கிக் கொண்டுதான் இருந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் கம்பெனி தொடங்கிவிடவில்லையே! நிறுத்து எழுதிய மசாலா அளவை மட்டும் பெட்டியில் பூட்டி வையுங்கள். மற்றதைத் தெரிந்த வியாபாரிகளிடம் சொல்லி ஆலோசனை கேளுங்கள்.

'கல்லூரியை விட்டுவிட்டுத் தொழிலில் இறங்கட்டுமா?' என்று இன்னொருவர். எதற்காக விட வேண்டும்? சனி, ஞாயிறு இல்லையா? அந்தத் தொழில் செய்யும் ஒருவருடைய கடையில் விடுமுறைக்கு இரண்டு மாதம் சம்பளமில்லாமல் நின்று பாருங்கள். எந்தச் சரக்கு எந்த மாதம் தேங்கும், எந்த மொத்த வியாபாரி நிறுவையில் குறைப்பார் என்பதெல்லாம் அங்கேதான் தெரியும்.

வீட்டிலிருந்தே தொழில் செய்ய விரும்பும் சகோதரிகள் சார்பாக ஒருவர் கேட்டார். இங்கே சொன்ன கணக்கில் அறை வாடகை 4,000-த்தை அடித்துவிட்டுப் போடுங்கள். ஆனால் அவர்களுடைய உழைப்புக்குரிய கூலியை அடித்துவிடாதீர்கள். உம்மா வறுப்பதற்கும் மனைவி பாக்கெட் ஒட்டுவதற்கும் பூஜ்யம் போட்டுவிட்டு லாபம் என்று காட்டுகின்றோமே, நாளைக்கு அவர்களால் முடியாமல் போகும்போது அந்த வேலைக்கு ஆள் வைத்தால்தான் உண்மை விலை தெரியும்.

கடைசியாக ஒரு சகோதரர், 'நீங்கள் சொன்னபடி கடை பிடிக்காமல் முதலில் நூறு பாக்கெட் போடுகின்றேன். தெரியாதவர்கள் வாங்கியும் விட்டார்கள். ஆனால் பத்துப் பேர்கூடத் திரும்பி வரவில்லை என்றால் என்ன செய்வது?' என்றார்.

வாங்கியவர்களில் முடிந்தவரை தேடிப் பிடித்துக் கேளுங்கள். காரமா, விலையா, பாக்கெட் பிரிந்து கொட்டியதா, அல்லது வாங்கியதையே மறந்துவிட்டார்களா? மாமாவிடமும் மச்சானிடமும் கேட்காதீர்கள், அவர்கள் மாஷா அல்லாஹ் என்பார்கள். சொன்னதை அப்படியே எழுதி, சரி செய்து, இன்னொரு நூறு போடுங்கள். அப்போதும் வரவில்லையென்றால் மூன்றாவது நூறு. மூன்று தடவையும் சேர்ந்து, ஒரு பைசா திரும்பாவிட்டாலும், சரக்கு, அரவை, கவர் எல்லாமாக எட்டாயிரம் ரூபாய் போயிருக்கும். நகை வீட்டில் இருக்கின்றது, அட்வான்ஸ் கொடுக்கவில்லை, கண்ணாடி வேலை செய்யவில்லை. மில்காரருக்கு அரவைக் கூலி பாக்கி இருந்தால் கொடுத்துவிட்டு, அந்த பிரியாணிக் கடைகளையும் பண்டாரியையும் போய்ப் பாருங்கள். கால் கிலோவைக் கையில் எடுத்துக் கொண்டு போங்கள்.